பூட்டானிடம் இலங்கை தோற்றது மலையினாலா?

கேள்வி இதுதான்: "2015இல் உலகத் தரவரிசையில் கடைசி இடத்தில் இருந்த பூட்டானிடம் இலங்கை உதைபந்தாட்ட அணி உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் தோற்றது. திம்பு நகரத்தின் உயரம்தான் காரணம் என்கிறார்கள், உண்மையா? இரண்டு அணிக்குமே உலகக் கிண்ணத்துக்குப் போக வழியில்லை. அப்படியிருக்க, அந்தப் போட்டிகளில் வெல்வதால் யாருக்கு என்ன கிடைத்தது?"

முதல் பாதிக்கு உடனே ஒரு பதில் சொல்லிவிடலாம். அந்தச் சுற்றில் இரண்டு ஆட்டங்கள். முதலாவது ஆட்டம் நடந்தது கொழும்பில், கடல் மட்டத்தில், மார்ச் மாத வெக்கையில். அதிலேயே நாங்கள் தோற்றுவிட்டோம். மலையைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த ஆட்டத்தை மறந்துவிடுகிறார்கள். ஆனால் மலை ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

2018 உலகக் கிண்ணத்துக்கான ஆசியத் தகுதிகாண் போட்டிகளில், தரவரிசையில் மிகவும் பின்தங்கிய 12 அணிகள் மட்டும் முதற்சுற்றில் ஆட வேண்டியிருந்தது. குலுக்கல் போட்டு ஆறு சோடிகளாகப் பிரித்தார்கள். இந்தியாவுக்கு நேபாளம், யேமனுக்குப் பாகிஸ்தான், இலங்கைக்குப் பூட்டான். சொந்த நாட்டில் ஓர் ஆட்டம், எதிரணியின் நாட்டில் ஓர் ஆட்டம், கோல்களைக் கூட்டிப் பார்த்து வென்றவர் இரண்டாம் சுற்றுக்குப் போவார். அப்போது இலங்கை 174ஆவது இடம். பூட்டான் 209ஆவது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீஃபாவில் அன்று இருந்ததே 209 நாடுகள்தான்.

குலுக்கல் முடிவு வந்தபோது இங்கே பலர் நிம்மதியடைந்ததில் வியப்பில்லை. 2013 செப்டெம்பரில் காத்மண்டுவில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் இதே பூட்டானை இலங்கை 5-2 என்று வென்றிருந்தது. ஆனால் அதே தொடரில் மாலைதீவிடம் பூட்டான் 2-8 என்றும் நாங்கள் 0-10 என்றும் தோற்றதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், 35 இடம் என்று எழுதப்பட்ட தூரம் அவ்வளவு பெரிய தூரம் இல்லை என்பது அப்போதே விளங்கியிருக்கும்.

மார்ச் 12ஆம் திகதி சுகததாச அரங்கில் முதலாவது ஆட்டம். 84ஆவது நிமிடத்தில் ஷெரிங் டோர்ஜி அடித்த கோலினால் பூட்டான் 1-0 என்று வென்றது. குளிர்நாட்டிலிருந்து இறங்கிவந்து ஒன்றரை மணித்தியாலம் வியர்வையில் குளித்தபடி ஆடிய ஓர் அணி, கடைசிப் பத்து நிமிடத்துக்குள் நுழையும்போது கோல் அடிக்கிறது என்றால், அவர்களுடைய தயார்ப்படுத்தலை மெச்சத்தான் வேண்டும். கொழும்பின் காலநிலை எங்களுக்குச் சாதகமாக இருந்திருக்க வேண்டிய நேரம் அது. உயரம் திம்புவில் என்ன செய்யுமோ, அதையே ஈரப்பதமான வெப்பம் இங்கே வருபவருக்குச் செய்யும். எங்கள் ஆயுதம் வேலை செய்யவில்லை, அவர்களுடையது செய்தது.

ஐந்து நாள் கழித்து, மார்ச் 17இல், திம்புவின் சங்லிமித்தாங் அரங்கில் இரண்டாவது ஆட்டம். ஐந்தாவது நிமிடத்திலேயே செஞ்சோ கியெல்சென் ஒரு கோல் போட்டார். முதற்பாதியிலேயே இலங்கை அதைச் சமப்படுத்தியது. இந்த இடத்தில் கணக்கைக் கவனியுங்கள், போட்டியின் உயிரே இதில்தான் இருந்தது. மொத்தத்தில் பூட்டான் 2, இலங்கை 1. அந்தக் காலத்தில் 'எவே கோல்' விதி நடைமுறையில் இருந்தது: மொத்தக் கோல்கள் சமமானால், எதிரணியின் மைதானத்தில் கூடுதலாக அடித்தவருக்கே வெற்றி. ஆகவே இலங்கை இன்னும் ஒரே ஒரு கோல் அடித்திருந்தால் மொத்தம் 2-2 ஆகி, திம்புவில் அடித்த இரண்டு கோல்களின் பலத்தில் நாங்கள் அடுத்த சுற்றுக்குப் போயிருப்போம். பூட்டான் மொத்தத்தில் முன்னிலையில் இருந்தாலும், ஒரு தவறு நடந்தால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில்தான் நின்றது. முக்கால் மணித்தியாலத்துக்கும் மேலாக ஆட்டம் அப்படியே போனது. 90ஆவது நிமிடத்தில் செஞ்சோ இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. மொத்தம் 3-1. பூட்டான் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் ஆடியதே அதுதான் முதல் தடவை. இரண்டு ஆட்டம் ஆடி இரண்டையும் வென்றார்கள்.

சரி, மலைக்கு வருவோம். திம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாவைவிட 400 மீற்றருக்கும் மேல் உயரம். பள்ளிக்கூடக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து நுவரெலியாவுக்கு ஓர் ஆட்டத்துக்குப் போயிருக்கிறேன். முதல் கால் மணித்தியாலம் ஒன்றும் தெரியாது. பிறகு, வேகமாக ஓடித் திரும்பினால் மூச்சு வந்து சேர நேரமெடுக்கும். அடுத்த ஓட்டத்துக்கு மனம் தயாராக இருக்கும், நெஞ்சு தயாராக இருக்காது. திம்புவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். ஒவ்வொரு மூச்சிலும் வரும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். காற்று அடர்த்தி குறைவதால் பந்தும் நினைத்ததைவிடக் கொஞ்சம் வேகமாக, கொஞ்சம் தூரமாகப் போகும். கீழ்நாட்டுப் பந்துக்காப்பாளருக்கும் பின்கள வீரருக்கும் அது பெரிய தலையிடி. உடம்பு பழக வாரக்கணக்கு வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கும் இடையில் இருந்ததோ ஐந்தே நாள்.

உயரம் எவ்வளவு உதவுகிறது என்பதற்குப் பூட்டான் அடுத்த சுற்றில் ஆடிய ஆட்டங்களே நல்ல சான்று. சீனா, கட்டார், ஹொங்கொங், மாலைதீவு ஆகியவற்றோடு ஒரே குழு. எட்டு ஆட்டம், எட்டிலும் தோல்வி. ஆனால் எங்கே எப்படித் தோற்றார்கள் என்று பாருங்கள். ஹொங்கொங்கில் 0-7, திம்புவில் அதே ஹொங்கொங்கிடம் 0-1. கட்டாரில் 0-15, திம்புவில் 0-3. சீனாவில் 0-12, திம்புவில் 0-6. வெளிநாட்டில் ஆடிய நான்கு ஆட்டத்தில் வாங்கியது 38 கோல், சொந்த மண்ணில் ஆடிய நான்கில் 14. எல்லா அணிக்கும் சொந்த மைதானம் கொஞ்சம் உதவும்தான், ஆனால் இவ்வளவு வித்தியாசம் சாதாரணமாக வராது. பின்னாளிலும் இதே கதைதான். 2019இல் குவாமைத் திம்புவில் 1-0 என்று வென்றுவிட்டு, அங்கே போய் 0-5 என்று தோற்றார்கள்.

ஆனால் மாலைதீவு? கடல் மட்டத்துக்கு மேல் ஓரிரு மீற்றர்கூடத் தேறாத தீவுக்கூட்டம். உயரத்தால் யாராவது திணற வேண்டுமென்றால் அவர்கள்தான் திணறியிருக்க வேண்டும். திம்புவுக்குப் போய் 4-3 என்று வென்றார்கள். மாலேயில் 4-2. இரண்டு இடத்திலும் நான்கு கோல்! நன்றாகப் பந்தைப் பரிமாறத் தெரிந்த அணி, ஓட வேண்டிய தூரத்தைக் குறைத்துக்கொள்கிறது. பந்தைத் தொலைத்துவிட்டுத் துரத்துகிற அணிக்குத்தான் மூச்சு வாங்கும். எங்கள் தோல்விக்கு மலையை மட்டும் குற்றம் சொல்வதை நான் ஏற்காததற்கு மாலைதீவும் ஒரு காரணம்.

அப்படியானால் கடைசி இடத்து அணியிடம் கொழும்பிலேயே எப்படித் தோற்றோம்? இதற்கு அந்தக் கடைசி இடம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்று தெரிய வேண்டும். அன்றைய பீஃபா முறையில் ஒரு வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1, தோல்விக்கு 0. அதை ஆட்டத்தின் முக்கியத்துவத்தால் பெருக்குவார்கள்: சிநேகபூர்வ ஆட்டம் என்றால் 1, தகுதிகாண் ஆட்டம் என்றால் 2.5. பிறகு எதிரணியின் பலம். அது 200இலிருந்து எதிரணியின் இடத்தைக் கழித்து வருவது. ஆனால் 150ஆவது இடத்துக்குக் கீழே இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே 50தான். கடைசியாகக் கண்டத்தின் பெறுமதி, ஆசியாவுக்கு 0.85. ஆக இலங்கையை ஒரு தடவை வென்றதற்குப் பூட்டானுக்குக் கிடைத்தது 3 × 2.5 × 50 × 0.85, அதாவது 318.75. இதையெல்லாம் நான்கு ஆண்டுக்குச் சராசரி எடுப்பார்கள். ஆண்டுக்கு ஐந்து ஆட்டம்கூட ஆடாத அணிக்கு அந்தச் சராசரியிலும் வெட்டு விழும்.

இதன் விளைவு என்ன? தோற்றால் எவ்வளவு நன்றாக ஆடித் தோற்றாலும் பூச்சியம். ஆடாமலே இருந்தாலும் பூச்சியம். அடித்தளத்தில் கிடக்கும் நாடுகளுக்கு இடையே உள்ள இடைவெளி, யார் எத்தனை ஆட்டம் கிடைக்கப் பெற்றார்கள், அதில் எப்போதாவது ஒரு சமநிலை எடுத்தார்களா என்பதைத்தான் பெரும்பாலும் காட்டியது. யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பதை அது அளக்கவே இல்லை. இரண்டு வெற்றிக்குப் பிறகு வந்த ஏப்ரல் பட்டியலில் பூட்டான் 209இலிருந்து 163க்குத் தாவியது. ஒரே மாதத்தில் 46 இடம். அந்த ஒரு மாதத்தில் அவர்கள் 46 நாடுகளைவிடச் சிறந்த அணியாக மாறிவிடவில்லை. முதலிலிருந்தே அந்த 46 நாடுகளுக்கும் அவர்களுக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பூட்டானின் பக்கக் கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. அங்கே தேசிய விளையாட்டு வில்வித்தை. 1999 வரை நாட்டில் தொலைக்காட்சியே அனுமதிக்கப்படவில்லை. 1998 உலகக் கிண்ண இறுதியாட்டத்தை, அதுதான் பிரான்ஸ் பிரேசிலை 3-0 என்று வென்ற ஆட்டத்தை, இதே சங்லிமித்தாங் அரங்கில் பெரிய திரையில் மக்களுக்குக் காட்டினார்கள். அதற்குக் கிடைத்த வரவேற்பும் சேர்ந்துதான் அடுத்த ஆண்டு மன்னர் தொலைக்காட்சியை அனுமதிக்கக் காரணமானது. 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியில் குவைத்திடம் 0-20 என்று தோற்றார்கள். 2002 ஜூன் 30ஆம் திகதி, யோக்கோஹாமாவில் பிரேசிலும் ஜேர்மனியும் உலகக் கிண்ண இறுதியில் ஆடிய அதே நாளில், தரவரிசையின் கடைசி இரு நாடுகளான பூட்டானும் மொன்செராட்டும் திம்புவில் ஓர் ஆட்டம் ஆடின. பூட்டான் 4-0 என்று வென்றது.

2015 அணியின் தலைவர் கர்மா ஷெட்ருப் ஷெரிங் தொழிலால் ஒரு விமானி. திம்புவில் இரண்டு கோலால் எங்களை உலுக்கிய செஞ்சோ அப்போது தாய்லாந்தில் ஆடிவந்தவர். பிறகு இந்தியாவுக்கு வந்து, 2017-18 பருவத்தில் மினர்வா பஞ்சாப் அணியோடு ஐ-லீக் பட்டத்தை வென்றார். பின்னர் பெங்களூரு, கேரளா பிளாஸ்டர்ஸ் அணிகளுக்கும் ஆடினார். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உதைபந்தாட்டம் பார்க்கும் பலருக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

இனிக் கேள்வியின் இரண்டாவது பாதி. உலகக் கிண்ணத்துக்குப் போக முடியாதவர்கள் வென்று என்ன பயன்?

பரிசு அந்த எட்டு ஆட்டங்கள்தான். இதைப் பெரிய அணிகளைப் பின்தொடர்பவர்களுக்கு விளங்கப்படுத்துவது கடினம். அவர்களுடைய பிரச்சினை ஆட்டம் அதிகமாக இருப்பது. எங்களைப் போன்றவர்களுக்கு ஆட்டமே கிடைப்பதில்லை. சிநேகபூர்வ ஆட்டம் ஏற்பாடு செய்யப் பணம் வேண்டும், அழைத்தால் வரக்கூடிய எதிரணி வேண்டும். முதற்சுற்றை வென்றால், சொந்த மண்ணில் நான்கு, வெளியே நான்கு என்று எட்டுத் தகுதிகாண் ஆட்டங்கள் தானாக நாட்காட்டியில் வந்து உட்கார்ந்துவிடும். சீனா உங்கள் ஊருக்கு வந்தே ஆக வேண்டும். அது மட்டுமல்லாமல், 2018 சுற்றிலிருந்து ஆசியாவில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் முதலிரு சுற்றுகளையும் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியோடு இணைத்துவிட்டார்கள். முதற்சுற்றில் தோற்றால் இரண்டு கதவும் ஒன்றாகச் சாத்தும், அல்லது இடுக்கு வழியாக நுழைய வேண்டியிருக்கும்.

தோற்றவருக்கு என்ன நடக்கும் என்பதற்குப் பங்களாதேஷைவிட வேதனையான உதாரணம் எனக்குத் தெரியாது. 2016இல் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்கான பிளேஓஃப் சுற்றில், அதாவது பின்தங்கியவர்களுக்கான அந்த இடுக்கு வழியில், அவர்களுக்கும் பூட்டான்தான் கிடைத்தது. டாக்காவில் 0-0. ஒக்டோபரில் திம்புவில் 3-1 என்று பூட்டான் வென்றது. செஞ்சோ இரண்டு கோல். அதன் பிறகு பங்களாதேஷ் தேசிய அணி 2018 மார்ச் வரை ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை. பதினேழு மாதம். பதினாறு கோடி மக்கள் வாழும், உதைபந்தாட்டத்தில் பைத்தியமான ஒரு நாடு! இருபத்தைந்து வயது முன்கள வீரர் ஒருவருக்குப் பதினேழு மாதம் என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

எங்களுக்கு அதற்கு நேர்மாறான ஓர் அனுபவம் 2019இல் கிடைத்தது. 2022 உலகக் கிண்ணத்துக்கான முதற்சுற்றில் எதிரணி மக்காவு. முதலாவது ஆட்டத்தில் இலங்கை 0-1 என்று தோற்றது. அது உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்து ஆறேழு வாரம்தான் ஆன சமயம். பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவு சங்கம் கொழும்புக்கு அணியை அனுப்ப மறுத்தது. மக்காவு வீரர்களே அந்த முடிவை வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்களுக்காக நான் இன்றும் வருந்துகிறேன். பீஃபா அந்த ஆட்டத்தை இலங்கைக்கு 3-0 என்று வழங்கியது. அதனால் தென்கொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான், வடகொரியா இருந்த குழுவுக்குள் நாங்கள் நுழைந்தோம். தென்கொரியாவில் 0-8. எல்லா ஆட்டத்திலும் தோல்வி. ஆனால் 2021 ஜூனில் லெபனானோடு ஆடிய ஆட்டம் 2-3. ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த வசீம் ராசிக் இரண்டு கோலையும் அடித்தார். தோல்விதான், இருந்தும் அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இலங்கை அணியைப் பற்றிப் பல ஆண்டுகளாக இல்லாத ஒரு நம்பிக்கை வந்தது. வெளிநாட்டில் வளர்ந்த இலங்கை வம்சாவளி வீரர்களை அணிக்குள் எடுப்பது பற்றி ஊரில் மும்முரமாகப் பேச்சு எழுந்ததும் அந்தக் காலத்தில்தான். மக்காவு வந்து எங்களை வெளியே தள்ளியிருந்தால் அந்த ஆட்டமே நடந்திருக்காது.

0-15 என்று தோற்பதில் என்ன பாடம் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 15 கோல் வாங்கும் இரவில் யாரும் எதையும் கற்பதில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த 15-0க்கும் திம்புவில் நடந்த 0-3க்கும் இடையில் இரண்டரை மாதம்தான். அதே கட்டார், அதே பூட்டான். உயரத்தின் உதவியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஆடி ஆடித்தான் ஓர் அணி தன் அளவைத் தெரிந்துகொள்கிறது. 2023 ஒக்டோபரில், 2026 உலகக் கிண்ணத்துக்கான முதற்சுற்றில், பூட்டானுக்கு மறுபடியும் ஹொங்கொங் வந்தது. அங்கே போய் 0-4. திம்புவில் 2-0 என்று வென்றார்கள். எட்டு ஆண்டுக்கு முன் ஏழு கோல் போட்ட அணியை! மொத்தத்தில் 2-4 என்று வெளியேறினார்கள் என்பது வேறு விஷயம்.

பூட்டான் ஹொங்கொங்கை வென்ற அதே ஒக்டோபர் 17ஆம் திகதி, கொழும்பில் இலங்கை யேமனோடு 1-1 என்று சமநிலையில் முடித்தது. முதலாட்டத்தில் 0-3 என்று தோற்றிருந்ததால் நாங்களும் வெளியே. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து ஓகஸ்ட் வரை இலங்கைச் சங்கம் பீஃபாவின் தடையில் இருந்தது. தடை நீங்கி இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் அந்த 1-1 சின்ன விஷயமில்லை என்பது என் எண்ணம். பிறகு 2024 செப்டெம்பரில், 2027 ஆசியக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் பிளேஓஃப் சுற்றில் கம்போடியாவைச் சந்தித்தோம். கொழும்பில் 0-0, அங்கே 2-2, கடைசியில் பெனால்டியில் வெற்றி. அந்த வெற்றியின் பரிசு தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தாய்பே (தாய்வான்) ஆகியவற்றோடு ஒரு குழு. மொத்தம் ஆறு ஆட்டம், அதில் மூன்று எங்கள் மண்ணில்.